ஆட்டக்களத்தில் பட்டறிவு

அனுபவம் என்பதைத் தமிழில் பட்டறிவு என்கிறோம். சற்றே பிரித்துப் பார்த்தால் அச்சொல்லின் ஆழம் விளங்கும். பட்டு அறிவது பட்டறிவு. இதில் இரண்டு பகுதிகள் உள. ஒன்று படுதல், மற்றொன்று அறிதல். படுதல் நம்மைத் தேடி வந்துவிடும். அதற்கு நம் முயற்சி வேண்டுவதில்லை. அறிதலோ தானாக வருவதன்று. அதனை நாமே செய்துகொள்ள வேண்டும். பத்து முறை பட்டும் ஒன்றும் அறியாதவர் உண்டு. ஒரு முறை பட்டதிலேயே பத்தும் அறிந்தவரும் உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை இன்று ஓர் ஆட்டத்தின் வாயிலாக ஆராய்வோம்.

எங்கள் பொழிச்சலூரிலும், அதனை அடுத்த பம்மல், அனகாபுத்தூர் பகுதிகளிலும் மாலை வேளைகளில் இளைஞர் பலர் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். அவருட் சிலர் படம் பார்க்கின்றனர். வேறு சிலர் இணைய வழியே சதுரங்கம் ஆடுகின்றனர். எதிரில் ஆடுபவர் பிரேசில் நாட்டவராகவும் இருக்கலாம்; பக்கத்துத் தெருக்காரராகவும் இருக்கலாம். இன்னும் சிலர் கோட்டை கட்டிக் காக்கும் ஆட்டங்களில் ஈடுபட்டிருப்பர். இவை யாவும் வியூகத்தை அடிப்படையாகக் கொண்டவை. கையின் வேகத்தைக் காட்டிலும் மதியின் கூர்மைக்கே இவற்றில் மதிப்பு மிகுதி.

இத்தகைய ஆட்டத்தில் புதிதாக இறங்கும் ஒருவனுக்கு முதலில் நேர்வது என்ன? தாக்கப்படுவான், தோற்பான். மறுபடியும் ஆடுவான், மறுபடியும் தோற்பான். “எனக்கு இது வராது” என்று சொல்லி விலகிவிடுவோர் மிகப் பலர். ஆனால் இந்தத் தோல்வியில் ஒரு கணக்கு இருக்கிறது. அதனை அறிந்தால் மனச்சோர்வு பாதி குறைந்துவிடும்.

சதுரங்க வீரரின் ஆற்றலை எண்ணால் அளக்கும் முறை ஒன்றை வகுத்தவர் ஆர்பாத் எலோ என்னும் பௌதிகப் பேராசிரியர். அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ஆம் ஆண்டில் அவர் முறையை ஏற்றுக்கொண்டது. இம்முறைப்படி, எதிராளியைவிட 200 புள்ளிகள் மிகுந்த ஒருவர் 100 ஆட்டங்கள் ஆடினால் ஏறக்குறைய 76 ஆட்டங்களுக்குரிய மதிப்பைப் பெறுவார் என்று எதிர்பார்க்கலாம். இணையத்தில் சதுரங்கம் நடத்தும் நிலையங்களும் இதனைத் தழுவிய முறைகளையே கையாளுகின்றன. புதியவன் தோற்கத் தோற்க அவனுடைய புள்ளி இறங்கும். தனக்கு நிகரானவர்களை அடையும் வரையில் அவ்வாறு இறங்கி, பின்பு நிலைபெறும். நிகரானவரோடு ஆடுபவன் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்றே தீர வேண்டும். ஆகவே தொடக்கத்தில் வரும் தோல்வி அவமானம் அன்று. இடம் கண்டறியும் அளவுகோலே அது.

இனி, தாக்குதல் ஒன்றை எடுத்துக்கொண்டு அது எவ்வாறு பாடமாகிறது என்று காண்போம். சதுரங்கம் பயிலும் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் பட்டுத் தெரிந்துகொள்ளும் தாக்குதல் அது; நான்கே நகர்த்தல்களில் முடிந்துவிடும்.

வெள்ளைக்காரர் தம் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார். கறுப்பரும் அவ்வாறே செய்கிறார். அடுத்து வெள்ளை ராணி குறுக்குக் கோட்டில் பாய்ந்து பலகையின் ஓரத்தில் வந்து நிற்கிறாள். தம் நடுச் சிப்பாய்க்கு ஆபத்து என்று கண்ட கறுப்பர், ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்ந்து அதனைக் காக்கிறார். மூன்றாவதாக வெள்ளை மந்திரி வெளியே வருகிறான். “ராணியை விரட்டுவோம்” என்று எண்ணிய கறுப்பர் தம் மற்றொரு குதிரையையும் வெளியே கொணர்கிறார். உடனே வெள்ளை ராணி, கறுப்பு ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன் நின்ற சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறாள். ராஜா அவளை வெட்ட இயலாது; பின்னால் மந்திரி காவலாக நிற்கிறான். தப்பிச் செல்லவும் கட்டம் இல்லை. ஆட்டம் முடிந்தது.

தோற்றவன் இரண்டு விதமாக எண்ணலாம். “எதிராளி தந்திரம் செய்து வென்றான்” என்று எண்ணுவது ஒன்று. “என் அரணில் எந்த இடம் மெலிந்திருந்தது?” என்று கேட்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்டவனுக்கு ஓர் உண்மை புலனாகும். ஆட்டத் தொடக்கத்தில் அந்த ஒரு சிப்பாய்க்கு மட்டும் ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. அந்த ஒற்றைக் காவலை நோக்கி ராணி, மந்திரி என்னும் இரு படைகள் குறிவைத்தன. எண்ணிக்கை தவறியது, கோட்டை விழுந்தது.

இனி மாற்று வழி யாது? மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதிலாக, ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னுள்ள சிப்பாயை ஓரடி நகர்த்தினால் வெள்ளை ராணியின் பாதை அடைபடும். அவளுக்கே ஆபத்தும் நேரும். அவள் பின்வாங்கி, வேறு கோட்டில் நின்று மீண்டும் அதே சிப்பாயைக் குறிவைப்பாள். இப்பொழுது அந்தக் குதிரையை வெளியே கொணர்ந்தால் அக்கோடும் அடைபட்டுவிடும். வெள்ளை ராணி இரு முறை அலைந்தாள். கறுப்பருக்கோ இரண்டு குதிரைகளும் களத்துக்கு வந்துவிட்டன. தாக்கியவரே பின்தங்கினார்.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்குக. மூன்றாம் நகர்த்தலில் தோல்வியைத் தந்த அதே குதிரை, நான்காம் நகர்த்தலில் காவலாயிற்று. செயல் தவறன்று, செய்த காலமே தவறு. தோற்றவுடன் ஆட்டத்தை அழித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவியிருந்தால் இந்த நுட்பம் கிட்டியிருக்குமா?

இப்பாடம் நமக்குப் புதிதன்று. நம் ஊர்களில் கல்லிலும் தரையிலும் கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டத்தை நினைவுகூர்வோம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். பின்புறம் வெற்றிடம் உள்ள ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். முதன்முதலில் ஆடுகளை வைப்பவன் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்து, ஒவ்வொன்றாகப் பறிகொடுப்பான். ஐந்தாறு ஆடுகள் போன பின்பு, ஓர் ஆட்டின் பின்னால் மற்றோர் ஆடு நின்றால் புலி தாண்ட இயலாது என்று தெளிவான். அதன் பின்பே புலியை அடைக்கும் கலை பிறக்கும். அதனைக் கற்பித்த ஆசான் புலியே எனலாம்.

இன்றைய கோட்டை ஆட்டங்களிலும் இதே முறைமை உண்டு. பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2012-இல் வெளியிட்ட ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ என்னும் ஆட்டத்தில், நாம் இல்லாத வேளையில் பிறர் நம் ஊரைத் தாக்கலாம். திரும்பி வந்ததும் அத்தாக்குதல் நடந்தவாறே மீண்டும் ஓட விட்டுப் பார்க்கும் வசதி உண்டு. பெருஞ்சேதம் நேர்ந்தால், சில மணி நேரம் எவரும் தாக்காதபடி ஒரு கேடயமும் கிடைக்கும். கேடயம் இருக்கும் அந்நேரம் பழிவாங்கும் நேரம் அன்று. படை எந்த மூலையில் நுழைந்தது, எந்தச் சுவர் முதலில் வீழ்ந்தது, எந்தக் காவற்கோபுரம் எட்டாத தொலைவில் நின்றது என்று பார்க்கும் நேரம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் பகுதிகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின்பு, நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதோடு நிற்பவருக்கு அடுத்த மழைக்கு வழி தெரியாது. நீர் எவ்வழியே நுழைந்தது என்று கேட்பவரே அடுத்த மழைக்கு ஆயத்தமாவார்.

தாக்கப்பட்ட பின்பு கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்துவோம். முதலாவது: தாக்குதல் எங்கே தொடங்கியது? முடிந்த இடம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தொடங்கிய இடமோ பெரும்பாலும் நான்கைந்து நகர்த்தல்களுக்கு முன்னரே இருக்கும். இரண்டாவது: அவ்வேளையில் எதிராளியின் எண்ணம் யாது? நாம் நம் எண்ணத்தில் மூழ்கி அதனைக் காணத் தவறினோமா? மூன்றாவது: அப்பொழுது நமக்கு இருந்த மாற்று வழிகள் யாவை? நான்காவது: இத்தகைய நிலை மீண்டும் வந்தால் அதற்கு அடையாளம் யாது? இந்நான்குக்கும் விடையைச் சொந்தமாக ஒரு குறிப்பேட்டில் எழுதிய பின்னரே கணிப்பொறியின் ஆய்வைப் பார்த்தல் வேண்டும். கணிப்பொறி நொடியில் விடை சொல்லும். ஆனால் பிறர் போட்ட கணக்கைப் பார்த்து எழுதியவனுக்குக் கணக்கு வருவதில்லை.

பெருவீரர்களும் இப்பாதையில் வந்தவர்களே. ரஷ்ய வீரர் மிகயில் பொத்வினிக், 1960-இல் இளைஞர் மிகயில் டாலின் அதிரடித் தாக்குதலுக்கு ஆளாகி உலகப் பட்டத்தை இழந்தார். எதிராளியின் ஆட்டத்தை ஆராய்ந்து, அடுத்த ஆண்டே மறுபோட்டியில் 13–8 என்ற கணக்கில் பட்டத்தை மீட்டார். அப்பொழுது அவருக்கு வயது 49.

நம் தமிழகத்தின் மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிப் போட்டியில் அவருக்குக் கிட்டியது கடைசி இடம். ஆனால் அங்கேயே போர்டிஷ், ஊல்மன் ஆகிய பெருவீரர் இருவரை அவர் வென்றார். கடைசி இடத்தை மட்டும் நோக்குபவர் இதனைக் காணார். சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் டால் பெயரால் சதுரங்கக் கழகம் உருவாவதற்கும் அவரே முன்நின்றார். அக்கழகத்தின் விரைவு ஆட்டங்களில் வென்றவர் தொடர்ந்து ஆடுவார்; தோற்றவர் எழுந்து இடம் விட்டுத் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அங்குப் பயின்ற சிறுவர்களுள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த். 2010-இல் சோபியா நகரில் தம் உலகப் பட்டத்தைக் காக்க ஆடியபோது, முதல் ஆட்டத்திலேயே டோபலோவின் தாக்குதலில் அவர் வீழ்ந்தார். மறுநாள் இரண்டாம் ஆட்டத்தை வென்றார். இறுதியில் பட்டத்தையும் காத்துக்கொண்டார்.

சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த போட்டியின் ஏழாம் சுற்றில் பிரௌசாவிடம் தோற்றார். தாம் வெல்லக்கூடும் என்ற உறுதி அந்தத் தோல்விக்குப் பிறகே தமக்கு உண்டாயிற்று என்று அவரே பின்னர்க் கூறினார். அப்போட்டியை வென்று, அதே ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சிங்கப்பூரில் டிங் லிரனோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். அங்கும் முதல் ஆட்டம் தோல்வி. பன்னிரண்டாம் ஆட்டமும் தோல்வி. எனினும் டிசம்பர் 12-ஆம் நாள் பதினான்காம் ஆட்டத்தை வென்று, 18 வயதில் உலகப் பட்டம் பெற்றார்.

இங்கே சில எச்சரிக்கைகளும் வேண்டும். தோற்ற ஆத்திரத்தில் உடனே அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று நள்ளிரவு வரை ஆடுவது கற்றல் அன்று. புண்ணின்மேல் புண் ஏற்றுவதே. இரண்டு தோல்விக்குப் பின் எழுந்து சென்று தண்ணீர் பருகுவது நல்ல வியூகம். கணிப்பொறியின் துணையை மறைவாகப் பெற்று வெல்வது களவு. அதனால் ஏறும் புள்ளி ஏமாற்றுபவனையே ஏமாற்றும். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களோ இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்துள்ளது. அங்கே தோல்வி கற்பிப்பதில்லை, குடும்பத்தைக் கவிழ்க்கிறது.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மாணவரை உற்றுநோக்கியிருக்கிறேன். பெரும்பாலோர் முதற்பக்கத்து மதிப்பெண்ணைப் பார்ப்பர். மகிழ்வர் அல்லது வாடுவர். தாளை மடித்துப் பைக்குள் திணிப்பர். உள்ளே சிவப்பு மையால் எழுதியதைப் படிப்போர் சிலரே. முதல் தேர்வில் 35 வாங்கிய பிள்ளையும் 90 வாங்கிய பிள்ளையும் அச்சிலரில் இருந்ததுண்டு. ஆண்டு முடிவில் ஏற்றம் கண்டவர்கள் பெரும்பாலும் அவர்களே. மதிப்பெண் பட்டதைச் சொல்லும். சிவப்பு மையே அறிய வேண்டியதைச் சொல்லும். ஒரு தாளில் தவறிய காரணத்தால் தம் வாழ்வே முடிந்ததாகக் கலங்கும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். முடிந்தது ஓர் ஆட்டமே, ஆடுபவர் முடிந்துவிடவில்லை. கலங்கும் நண்பன் ஒருவனைக் கண்டால், அவன் அருகில் அமர்ந்து அத்தாளை அவனோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை களத்தில் வீழ்ந்தால், வீழ்த்தியவருக்கு வணக்கம் கூறுங்கள். பின்பு அந்த ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து மெல்ல ஓட்டிப் பாருங்கள். பட்டது வீண்போகாது.