இருட்டறை குணப்படுத்தாது

தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக்கசிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. ஆனால் சிலருக்குத் தொல்லை அதன் பிறகுதான் தெரியவருகிறது. தலைவலி விட்டுவிட்டு வருகிறது. வெளிச்சம் கூசுகிறது, மிக்ஸி ஓடும் சத்தம்கூடத் தாங்க முடியவில்லை. நாலு வரி படித்ததும் எழுத்துகள் ஓடுகின்றன, சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வின் அறிகுறிகள் இவை. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திலும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நான்கு வாரத்திலும் தணிந்துவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால் அதை ‘நீடிக்கும் அறிகுறிகள்’ என்ற கணக்கில் மருத்துவர்கள் சேர்க்கிறார்கள். அப்படி நீடிக்கும்போது வீட்டில் இரண்டு யோசனைகள் எழும். எல்லாம் சரியாகும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லையே, எழுந்து வேலையைப் பார்க்கலாமே என்பது இன்னொன்று. முதல் யோசனை அன்பினால் வருவது. இரண்டாவது, பல வீடுகளில் பணமுடையால் வருவது. இரண்டுமே நோயாளியைக் கெடுக்கின்றன. அளந்து அளந்து இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புவது குணமான பின் செய்ய வேண்டிய காரியம் அல்ல. குணமாவதற்கான வழியே அதுதான்.

ஓய்வு என்ற எண்ணம் வந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் கிஸாவும் டேவிட் ஹவ்டாவும் 2001-இல் விளக்கியபடி, அடிபட்ட கணத்தில் நரம்பு செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. கலைந்த சமநிலையை மீட்க செல்களுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. தேவை கூடி வரவு குறையும் இந்த நெருக்கடி ஸ்கேனில் தெரியாது. எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டுவதற்கான கருவி அது. இந்த நிலையில் இருக்கும் மூளையை முதல் ஓரிரு நாள் வருத்தாமல் விடுவது நியாயம். ஆனால் இரண்டு நாளுக்குச் சொன்ன நியாயத்தை இரண்டு வாரத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் நீட்டியபோதுதான் பிழை நேர்ந்தது. இருட்டறை, மூடிய ஜன்னல், பள்ளி இல்லை, புத்தகம் இல்லை, நண்பர்கள் இல்லை என்று அது ஒரு விதியாகவே ஆகிவிட்டது.

அந்த விதியை அமெரிக்காவின் மில்வாக்கியில் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 11 முதல் 22 வயதுவரையுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு. மற்றதற்கு ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக நடமாட்டம். ஐந்து நாள் படுத்திருந்தவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. அதிக அறிகுறிகளைச் சொன்னவர்களும் அவர்கள்தான், அவை தணிய அதிக நாள் பிடித்ததும் அவர்களுக்குத்தான். அடுத்த ஆண்டு கனடாவில் 2,413 பிள்ளைகளைக் கண்காணித்து வெளியிட்ட ஆய்வில், முதல் வாரத்துக்குள் உடலை அசைத்தவர்களில் 24.6 சதவீதம் பேருக்கு 28-ஆம் நாளிலும் அறிகுறிகள் இருந்தன. அசையாமல் இருந்தவர்களில் அது 43.5 சதவீதம். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நோவு குறைவாக இருப்பவன்தானே முதலில் எழுந்து நடப்பான்? அப்படியானால் நடந்ததால் குணமானானா, குணமாகிக்கொண்டிருந்ததால் நடந்தானா? கனடா ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. பதில் பஃபலோ நகரிலிருந்து ஜான் லெட்டி குழுவினர் தந்தது. யார் எந்தப் பயிற்சி செய்வது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஒரு பிரிவினர் தினமும் அளவான நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தார்கள். மறு பிரிவினர் தசைகளை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி முதல் பிரிவு நடுக்கணக்கில் (அதாவது பாதிப்பேர் தேறிய நாள் கணக்கில்) 13 நாளில் தேறியது, மற்றது 17 நாளில். மீண்டும் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 14 நாள், 19 நாள். நீடித்த அறிகுறிகளில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

ஒரு மாதம் தாண்டியும் தொல்லை தொடர்ந்தால் கேள்வியையே மாற்ற வேண்டும். இன்னும் எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை, இப்போது வலியைத் தருவது எது என்று கேட்க வேண்டும். தலையை உலுக்கிய அடி கழுத்தையும் உலுக்கியிருக்கும். பின்மண்டையில் தொடங்கி நெற்றிவரை வரும் வலி பலருக்குக் கழுத்திலிருந்து கிளம்புவது. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதெல்லாம் அறையே சுழலும். எப்லி முறை என்று பெயர் பெற்ற தலையசைவுச் சிகிச்சையால் இதை மருத்துவர் சில நிமிடங்களில் சரிசெய்ய முடியும், அடுத்த முறை வந்தால் திரும்பச் செய்யவும் முடியும். இரண்டு கண்களும் கிட்டத்தில் ஒருசேரக் குவிய முடியாமல் போனால் வாசிப்பு தலைவலியில் போய் முடியும். முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு அது தீவிரமாகும். தூக்கம் கெட்டால் எல்லாமே கெடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் ஊரில் கவனிக்க வேண்டிய ஒன்று வலி மாத்திரை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் சாதாரண வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதால் பலர் இந்தச் சுழலுக்குள் அறியாமலே விழுகிறார்கள். இந்தக் காரணங்களில் எதையும் இருட்டறை தீர்ப்பதில்லை. காரணத்தைத் தேடிச் சிகிச்சை செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் கால்கரியில் 2014-இல் வெளியான சிறிய ஆய்வு ஒரு சான்று. கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்து பிசியோதெரபி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்பத் தகுதி பெற்றார்கள். வழக்கமான ஓய்வையும் எளிய பயிற்சியையும் மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம் பேரே தகுதி பெற்றார்கள். பங்கேற்றவர்கள் 31 பேர்தான் என்றாலும் இந்த இடைவெளி புறந்தள்ளக்கூடியது அல்ல.

சரி, அளவு என்றால் எது அளவு? 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஒப்புக்கொண்ட விதி வீட்டிலேயே பின்பற்றக்கூடியது. அறிகுறியின் கடுமைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போடுங்கள். நடக்கத் தொடங்கும்போது தலைவலி 3 என்று வைத்துக்கொள்வோம். நடந்தபின் 5 வரை ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அது ஏற்கத்தக்கது. அதற்கு மேல் ஏறினாலோ இறங்க மறுத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு, அடுத்த நாள் இன்னும் குறைவாகத் தொடங்க வேண்டும். படிப்புக்கும் கணினி வேலைக்கும் இதே விதிதான். மாணவருக்கு அரைநாள் பள்ளி, தேர்வில் கூடுதல் நேரம், வகுப்புக்கு நடுவே சிறிது இடைவேளை என்று தொடங்கலாம். கைபேசிக்கு மட்டும் முதல் இரண்டு நாள் கறாரான கட்டுப்பாடு நல்லது. 12 முதல் 25 வயதுவரையுள்ளவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் நடுக்கணக்கில் மூன்றரை நாளில் தேறினார்கள், தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாள் ஆனது.

இதைக் கேட்டதும் பெற்றோருக்கு வரும் பயம் நியாயமானது. மறுபடி அடிபட்டால்? முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் தொல்லை பல மடங்கு நீளும், அரிதாக இளையோரிடம் மூளை வீங்கி உயிரே போகவும் கூடும். ஆனால் அந்த ஆபத்து அடியில் இருக்கிறது, நடையில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஒரு பக்கம் பிள்ளையை மாடிப்படி ஏறவிடாமல் தடுத்துவிட்டு, மறுபக்கம் தலைவலி நின்ற மறுநாளே கிரிக்கெட் ஆட அனுப்புகிறோம். ஆம்ஸ்டர்டாம் விதி களத்துக்குத் திரும்ப ஆறு படிகள் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். லேசான அறிகுறியோடு முதல் மூன்று படிகளைச் செய்யலாம். தலையில் அடிபடும் வாய்ப்புள்ள கடைசி மூன்றுக்கு எல்லா அறிகுறியும் முழுதாக அடங்கியிருக்க வேண்டும், மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். அறிகுறி தாமதமாக வரலாம் என்பதற்கு 2019 ஆகஸ்ட் லார்ட்ஸ் டெஸ்ட் நல்ல உதாரணம். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனையில் தேறி மீண்டும் ஆடினார், 92-இல் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்து விலக்கப்பட்டார். அடுத்த டெஸ்டை விட்டு, பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஆடிப் பார்த்து, செப்டம்பரில் மான்செஸ்டரில் 211 அடித்தார். அதே ஆஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி பலமுறை தலையில் அடிபட்டு, அறிகுறிகள் விடாததால் 2025-இல் 27 வயதில் ஆட்டத்தையே விட்டார். எல்லோருக்கும் ஒரே முடிவு வாய்ப்பதில்லை.

ஸ்கேன் சரியாக இருந்தும் தொல்லை நீடிக்கிறது என்றால் அது மனப்பிரமைதான் என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெரிய விபத்து மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், லேசானது என்று வகைப்படுத்தப்பட்ட தலைக்காயம் பட்டவர்களில் 53 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு குறையைச் சொன்னார்கள். கை கால் எலும்பு போன்றவற்றில் மட்டும் காயம்பட்டவர்களில் அது 38 சதவீதம். இத்தனை பேரும் கற்பனை செய்கிறார்கள் என்று சொல்வது கொடுமை. அதே சமயம் பயம் நோயை வளர்க்கிறது என்பதும் உண்மை. மெல்பர்னில் ஜென்னி பான்ஸ்ஃபோர்ட் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், என்ன நடக்கும், எப்படிச் சமாளிப்பது என்று விளக்கும் கையேடு பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மூன்று மாதத்தில் குறைவான தொல்லைகளையே சொன்னார்கள். நம் அவசரப் பிரிவுகளில் வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் இப்படி ஒரு தாள் கொடுத்தால் பெரிய செலவில்லை. அபாய அறிகுறிகளும் அதில் இருக்கட்டும்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் விரிதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108.

தினக்கூலிக்குப் போகிறவரால் அரைநாள் வேலை கேட்க முடியுமா என்பது கடினமான கேள்வி. கேட்க முடியாத இடங்களே அதிகம். ஆனால் முதல் நாளே முழு நேரம் வேலைக்குப் போய், மூன்றாம் நாள் முடியாமல் விழுந்து, ஒரு மாதக் கூலியை இழப்பதைவிட, ஒரு வாரம் எடை தூக்காத, உயரம் ஏறாத வேலையைக் கேட்டு வாங்குவது கணக்குப்படியும் லாபம். மருத்துவரின் சீட்டில் வெறுமனே ஓய்வு என்று எழுதாமல், எந்த வேலை கூடாது, எது கூடும் என்று எழுதச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சாரத்தில் ஏறுவதும் அறுக்கும் இயந்திரமும் தலைச்சுற்றல் முழுதாக நிற்கும்வரை வேண்டாம். பைக்கும் அப்படியே. காயத்துக்குப் பின் கண்ணும் கையும் பதில் சொல்லும் வேகம் குறைந்திருக்கும், அது நமக்கே தெரியாது. தலையைச் சட்டென்று இரு பக்கமும் திருப்பினால் சுற்றல் வரவில்லை, அரைமணி நேர நடைக்குப் பின்னும் தலைவலி இல்லை என்று உறுதியாகி, மருத்துவரும் சரி என்று சொல்லும்வரை பின் இருக்கையில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து போகலாம், அல்லது பஸ்ஸில் போகலாம்.