நேற்று வரை நன்றாக இருந்த பேட்டரி

காலை ஆறரை மணி. பள்ளிப் பையோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். அப்பா சாவியைத் திருப்புகிறார். ‘டக் டக் டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, இஞ்சின் சுழலவில்லை. “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!” என்கிறார் அப்பா. “பேட்டரி போய்விட்டது, புதிதாக மாற்றிவிடுங்கள்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பேட்டரியை மாற்ற இருநூறு, முந்நூறு ரிங்கிட் ஆகும். உண்மையில் கோளாறு வேறு இடத்தில் இருந்தால் புதிய பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும், பணமும் போகும். அளக்காமல் சொல்வது வெறுங்கையால் முழம் போடுவதற்குச் சமம். ஒரு மல்டிமீட்டரும் நீங்கள் பள்ளியில் படிக்கும் மின்னியலும் இருந்தால், குற்றவாளி யார் என்று ஏறக்குறைய கண்டுபிடித்துவிடலாம். வாருங்கள், துப்புத் துலக்குவோம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கார் பேட்டரி என்பது ஈய–அமில மின்கலம். இதை 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டோன் பிளாண்டே உருவாக்கினார். பெட்டிக்குள் ஆறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறையும் கூட்டினால் 12.6 வோல்ட்.

ஒவ்வொரு கலத்திலும் ஒரு தகடு ஈயம். மற்றொன்று ஈய டைஆக்சைடு. இரண்டும் நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்னூட்டம் செய்து இந்த வினையைத் திருப்பிவிடும். ஆனால் பேட்டரியை வெகுநாள் மின்னூட்டம் இல்லாமல் போட்டுவைத்தால், ஈய சல்ஃபேட் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு அது எளிதில் கரையாது. பேட்டரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

உங்கள் தாத்தா காலத்துப் பேட்டரிப் பெட்டிகள் கறுப்பாக இருக்கும். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் செய்த எபோனைட் என்ற கெட்டி ரப்பர் அது. பால்மரம் தந்த பொருளுக்குள்தான் அமிலம் பத்திரமாக இருந்தது. பெட்டியின் மேல் ஆறு மூடிகள் இருக்கும். மெக்கானிக் அவற்றைத் திறந்து, ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் ஒப்படர்த்தியை அளப்பார். சுமார் 1.27 என்றால் நிறைந்திருக்கிறது, 1.12 அளவுக்கு இறங்கினால் காலி. இன்றைய பேட்டரிகளில் பல மூடி முத்திரையிடப்பட்டவை. அமிலத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. எனவே மின்னழுத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

வெயில் கெடுக்கும், வெயிலே மறைக்கும்

குளிர் நாடுகளில் பேட்டரி பெரும்பாலும் பனிக்காலத்தில் கைவிடும். அங்கே குளிரில் வேதி வினை மெதுவாகும். சில நாட்களாகவே இஞ்சின் திணறித் திணறிச் சுழலும். அதுவே முன்னெச்சரிக்கை.

ஈப்போவில் நிலைமை வேறு. பகலில் 33 டிகிரி செல்சியஸ் என்பது நமக்குச் சாதாரணம்; ஓடி நின்ற காரின் போனட்டுக்குள் அதைவிட மிக அதிகச் சூடு உணர்வீர்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பேட்டரியைத் தேய்க்கும் வினைகளுக்கும் இது பொருந்தும்: நேர்த் தகட்டின் சட்டம் அரிக்கப்படுகிறது, நீர் வற்றுகிறது. அதே வெப்பம் இன்னொன்றையும் செய்கிறது. சூடான அமிலத்தில் அயனிகள் வேகமாக நகர்வதால், நலிந்த பேட்டரிகூட இஞ்சினைச் சுழற்றிவிடுகிறது. ஆக, உள்ளே நோய் முற்றினாலும் வெளியே அறிகுறி தெரிவதில்லை.

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய் ஓர் இரவு தங்கும் குடும்பத்துக்கு, மறுநாள் காலை கார் கிளம்பாமல் போகலாம். மலைக் குளிர் அந்தப் பேட்டரியைக் கொல்லவில்லை. ஈப்போ வெயில் மறைத்து வைத்திருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். “திடீரென்று” போன பேட்டரிகளில் பெரும்பாலானவை பல மாதங்களாகப் போய்க்கொண்டிருந்தவையே.

சந்தேக நபர்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

“இரவு முழுக்க உள் விளக்கு எரிந்தது, அதுதான் காரணம்” என்பார்கள். சரிபார்ப்போம். அந்த விளக்கு 5 வாட் என்று கொள்ளுங்கள். 5-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 0.42 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 4.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பேட்டரிக்கு இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இந்தச் சிறு விளக்கால் கார் நின்றது என்றால், பேட்டரி முன்பே நலிந்திருந்தது என்று பொருள். ஆனால் 55 வாட் முன்விளக்குகள் இரண்டும் எரிந்திருந்தால் கதை வேறு: சுமார் 9 ஆம்பியர் வீதம் ஐந்தே மணி நேரத்தில் நல்ல பேட்டரியும் காலியாகிவிடும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது நினைவிருக்கிறதா? வாரக்கணக்கில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் பல, பிறகு கிளம்ப மறுத்தன. யாரும் விளக்கை எரியவிடவில்லை. காரை அணைத்தாலும் அலாரம், கடிகாரம், கணினி நினைவகம் போன்றவை உறங்குவதில்லை. அவை 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளைக்கு 36. 45-இல் மிச்சம் என்ன? கொள்ளளவு பாதியாகிவிட்ட பழைய பேட்டரி மூன்று வாரம்கூடத் தாங்காது.

நான்கு அளவுகள்

முதலில் கண்ணையும் காதையும் பயன்படுத்துங்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் இஞ்சின் சுழலவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற வேறு பாகங்களைச் சந்தேகியுங்கள். விளக்கு மங்கி, ‘டக் டக்’ சத்தம் வந்தால் பேட்டரியோ அதன் இணைப்போ காரணம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, பிடி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

ஒன்று: கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு மின்னழுத்தம். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் காலியாகப் போகிறது. மின்னூட்டம் செய்த பிறகும் 10.5 காட்டினால் யோசியுங்கள்: 12.6-இல் 2.1-ஐக் கழித்தால் என்ன? ஆறு கலங்களில் ஒன்று செத்துவிட்டது.

இரண்டு: சாவியைத் திருப்பும் நொடியில் மின்னழுத்தம். இதுதான் உண்மையான தேர்வு. ஐந்தாம் படிவ இயற்பியலில் ‘ரிந்தாங்ஙான் டாலாம்’ என்று படிக்கும் அகத்தடை இங்கேதான் வேலை செய்கிறது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் கேட்கிறது என்று கொள்வோம். அகத்தடை 0.01 ஓம் என்றால் இழப்பு 1.5 வோல்ட், 11.1 மிஞ்சும். முதுமையில் அகத்தடை 0.03 ஓம் ஆனால் இழப்பு 4.5, மிஞ்சுவது 8.1 மட்டுமே. சும்மா இருக்கும்போது இரண்டு பேட்டரிகளும் 12.6 என்றே காட்டும்! சுழற்றும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி நலிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்று: அதே நொடியில், பேட்டரி முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கவ்விக்கும் இடையே அளவு. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால், குற்றவாளி அழுக்கேறிய இணைப்பு. சுத்தம் செய்தாலே போதும். புதிய பேட்டரி தேவையில்லை.

நான்கு: இஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம். பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்கும்; சில புதிய கார்களில் கணினி இதை ஏற்றி இறக்கும். ஆனால் 12.5-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே போனால், ஆல்டர்னேட்டர் ஊட்டவில்லை. எத்தனை பேட்டரி மாற்றினாலும் பலன் இராது.

கவனம்

மின்னூட்டத்தின்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடும். வேறு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, கடைசிக் கம்பியைச் செத்த பேட்டரியின் எதிர் முனையில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இஞ்சினின் உலோகப் பகுதியில் மாட்டச் சொல்வது இதனால்தான். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். மல்டிமீட்டரை வோல்ட் அளவில் மட்டுமே வையுங்கள். ஆம்பியர் அளவில் வைத்து இரு முனைகளையும் தொட்டால் கருவி எரிந்துபோகும். பழைய பேட்டரியை வீட்டுக்குப் பின்னாலோ பழைய தோட்டத்துக் கால்வாயிலோ போடாதீர்கள். ஈயம் நச்சு; கடைக்காரரிடம் கொடுத்தால் மறுசுழற்சிக்குப் போகும்.

இந்த வாரமே தொடங்க உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுக் காரின் பேட்டரியை மாதம் ஒருமுறை, காலையில் கார் கிளம்பும் முன்னும், கிளம்பும் நொடியிலும் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த எண்களை வரைபடத்தாளில் குறியுங்கள். இரண்டாவது கோடு சரியத் தொடங்கினால், நின்றுபோகும் முன்பே வீட்டில் சொல்லிவிடலாம்.