முப்புரிக் கயிறும் ஒற்றை எழுத்தும்

நான் உத்திரமேரூரில் எட்டாம் வகுப்புப் படித்தபோது, என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனுக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை எலும்பு முறிந்தது. முதல் முறை வரப்பில் சறுக்கினான், கை முறிந்தது. இரண்டாம் முறை மிதிவண்டியிலிருந்து இறங்கும்போது கால் முறிந்தது. மூன்றாம் முறை கபடி ஆட்டத்தில் நான்தான் அவனைப் பிடித்து இழுத்தேன். அவன் மணிக்கட்டு முறிந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

"பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு போடாத தாய்" என்று ஊரார் அவன் அம்மாவைக் குறை கூறினார்கள். நண்பனின் கண்களில் வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதி இலேசாக நீலம் பாய்ந்திருக்கும். அந்த நீலத்திற்கும் எலும்பிற்கும் தொடர்பு உண்டு என்று எங்களில் எவரும் எண்ணவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கல்லூரி ஆசிரியனான பிறகு, புரதங்களைப் பற்றிப் படிக்கையில்தான் எனக்கு உண்மை விளங்கியது. தவறு அந்தத் தாயின் சமையலில் இல்லை. ஒரே ஓர் எழுத்தில் இருந்திருக்கவேண்டும்!

கல்வெட்டும் மைப்படியும்

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலின் விதிகள் இங்கே கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தக் கல்வெட்டை ஆராய விரும்புவோர் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மையை ஒற்றிப் படி எடுக்கிறார்கள். கல் கோயிலிலேயே இருக்கும். மைப்படி மட்டும் வெளியே செல்லும்.

நம் உடலின் உயிரணுக்களில் இதைப் போன்ற வேலையே நடைபெறுகிறது. மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் மூலக்கூறில் பொறிக்கப்பட்டு உயிரணுவின் உட்கருவில் காக்கப்படுகிறது. அதன் படியாகிய ஆர்.என்.ஏ. உட்கருவைவிட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் என்னும் நுண்பொறி அதை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துச் செல்கிறது. இவ்வாறு கோக்கப்படும் நீண்ட சங்கிலியே புரதம்.

ஆர்.என்.ஏ. மொழியில் இருப்பவை ஏ, யூ, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகள். 'ஜி-ஜி-யூ' என்றால் கிளைசினைச் சேர் என்று பொருள். முதல் எழுத்து மாறி 'ஏ-ஜி-யூ' ஆகிவிட்டால், செரினைச் சேர் என்று பொருள். 'பழம்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'பணம்' ஆகிவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

சென்னையில் தெளிந்த வடிவம்

ஒரு கண்ணி மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கிறீர்களா? இதற்கு விடை காண, புரதத்தின் வடிவத்தை அறிய வேண்டும். அந்தக் கதை நம் சென்னையில் நடந்தது.

சர் சி.வி. ராமனின் மாணவரான ஜி.என். ராமச்சந்திரன், 1952-இல் தம் முப்பதாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அவர் எடுத்துக்கொண்ட புதிர் கொலாஜன் என்னும் புரதம். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றிற்கு வலு தருவது இதுவே. நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்களைக் கொலாஜன் இழைகளில் செலுத்தி, விளிம்பு விளைவால் படத்தில் விழுந்த புள்ளிகளை ஆராய்ந்தனர்.

ஒரு துப்பு முன்பே கிடைத்திருந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசின். அப்படியானால், சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வரவேண்டும் என்று அவர்கள் கண்டனர். 1954-இல் 'நேச்சர்' இதழில் தங்கள் விடையை வெளியிட்டனர்: மூன்று சங்கிலிகள் சேர்ந்ததே கொலாஜன்! அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1955-இல் அந்த வடிவத்தை மேலும் திருத்தினர். நம் வீட்டு முப்புரிக் கயிற்றைப் போன்ற அமைப்பு இது.

கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறுகல். ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் அந்த நடுப்பகுதியை நோக்கி அமைகிறது. எல்லா அமினோ அமிலங்களிலும் மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. எனவே அது மட்டுமே அங்கே அடங்கும். அதைவிடப் பெரிய செரினோ சிஸ்டைனோ அவ்விடத்தில் வந்தால், முறுக்கு ஏறிக்கொண்டே வந்து அங்கே தடைபடுகிறது. ஆயிரம் கண்ணிகளில் ஒன்று மாறினாலும் கயிறு கெட்டுவிடுகிறது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து இந்தக் கயிற்றின்மீதுதான் படிகிறது. கயிறு சரியில்லையெனில் எலும்பு எளிதில் முறியும். கண்ணின் வெளிப்படலமும் கொலாஜனால் ஆனதே. அது மெலிந்து போகும்போது உட்புறத்தின் நிறம் ஊடுருவி நீலமாகத் தெரிகிறது. 'நொறுங்கும் எலும்பு நோய்' எனப்படும் இது 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படுகிறது.

ஒரு சிறு கணக்கு

எலும்புக் கொலாஜனின் மூன்று புரிகளில் இரண்டு ஒரே வகை. அந்த வகைக்கான மரபணு தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக நம்மிடம் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றில் மட்டும் பிழை எனக் கொள்வோம். அப்போது அந்த வகைப் புரிகளில் பாதி நல்லவை, பாதி பிழையானவை. கெட்டுப்போகும் கயிறுகளும் பாதிதானா? இல்லை! இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டிலும் தலை விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதேபோல் இரண்டு புரிகளும் நல்லவையாக அமையும் வாய்ப்பும் நான்கில் ஒன்றே. ஆக, நான்கில் மூன்று கயிறுகள் பிழையானவை.

ஒரு வியப்பைப் பாருங்கள். அந்த மரபணு பிழையாக வேலை செய்யாமல், அடியோடு வேலை செய்யாமலே போனால் கயிறுகள் பாதியாகக் குறையும். ஆனால் இருப்பவை எல்லாம் நல்ல கயிறுகள். அத்தகையவர்களுக்கு நோய் பொதுவாகக் கடுமை குறைந்தே காணப்படுகிறது. தவறான செய்தியைவிடச் செய்தி இல்லாமையே மேல் என்றாகிறது!

செய்து பாருங்கள்

மூன்று நூல்களை எடுத்து ஒன்றாக முறுக்குங்கள். பிறகு ஒரு நூலின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு மீண்டும் முறுக்குங்கள். முடிச்சு உள்ள இடத்தில் புரிகள் விலகி நிற்பதைக் காண்பீர்கள்.

இந்தப் பிழையை அடியோடு நீக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆயினும் எலும்பு அடர்த்தியைக் கூட்டும் மருந்துகள், எலும்பினுள் கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சை, முறையான உடற்பயிற்சி ஆகியவை பெரிதும் உதவுகின்றன. பெற்றோர் இருவரிடமும் இல்லாத இந்தப் பிழை, குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. யாரைக் குறை கூறுவது?

உங்கள் வகுப்பில் அடிக்கடி எலும்பு முறியும் நண்பன் இருந்தால், 'நோஞ்சான்' என்று கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடமும் அவன் பெற்றோரிடமும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கபடி ஆட்டத்தில் நடுவராக நிற்கவும் ஓர் ஆள் தேவைதானே! எனக்கு அன்று இது தெரியவில்லை. உங்களுக்கு இன்று தெரியும்.