எண்ணெய் தேய்த்து இழுத்தால் வளருமா?

வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வாய் திறந்து கேட்காத விஷயம் இது. சௌக்கிட்டிலும் பசார் மாலங்களிலும் அட்டை எண்ணெய் விற்பவர்கள், "தினமும் தேய்ச்சு இழுங்க, மூணே மாசத்துல ஆண்குறி நீளும்" என்பார்கள். நம்பலாமா? கூடாது.

பயிற்சியால் பெருப்பது தசை. மண்வெட்டி பிடிக்கிற கை உரமேறுவது அப்படித்தான். ஆண்குறியோ பஞ்சு போன்றது; இரத்தம் நிரம்பி விறைப்பது. அழுத்திப் பிசைந்து இழுத்தால் இரத்தம் கட்டும், உள்ளே தழும்பு விழும், குறி கோணலாகவும் ஆகலாம். வளர்ந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. மருத்துவர் தரும் இழுவைக் கருவியைத் தினம் பல மணி நேரம், மாதக்கணக்கில் மாட்டினாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கிடைத்தால் பெரிது.

சராசரி எவ்வளவு? ஆயிரக்கணக்கான ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, விறைத்த நிலையில் சுமார் 13 சென்டிமீட்டர். தொப்பை மறைப்பதாலும் சின்னதாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது நீளமல்ல, விறைப்பு. அது குறைந்தால் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் காரணமாக இருக்கலாம். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது!

'சக்தி' காப்பி, மாத்திரைகளில் சிலவற்றில் விறைப்பு மருந்தை ரகசியமாகக் கலக்கிறார்கள். நெஞ்சுவலி மருந்து சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

எண்ணெய்க்குக் கொட்டும் வெள்ளியை வீட்டுக்கு மிச்சம் பிடியுங்கள். சிகரெட்டை விடுங்கள். கூச்சப்படாமல் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.