சூலுற்ற பேடையின் துயர்

குறுந்தொகையின் 85ஆம் பாட்டை மாணவர்க்கு எத்தனை முறை கற்பித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வடம வண்ணக்கன் தாமோதரனார் பாடிய அச்செய்யுளிலே, சூல் முதிர்ந்த தன் பேடை முட்டையிடுதற்கு ஏற்ற இல்லம் சமைக்கும்பொருட்டு ஓர் ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கின்றது. அவ்வில்லத்திற்குப் புலவர் இட்ட பெயர் 'ஈனில்'. ஈனுதற்குரிய இல் என்று பிரித்துக் காட்டி, வினைத்தொகை என்று இலக்கணக் குறிப்பும் எழுதுவித்து, அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிடுவது என் வழக்கம். பறவைப் பெண்ணைப் பேடை எனவும் பெடை எனவும் வழங்கும் மரபையும், அதன் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களையும் தொல்காப்பிய மரபியல் கூறுவதை எடுத்துரைப்பேன். சொல் அறிந்தேன், சொல்லின் பொருளும் அறிந்தேன் என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்குக் காட்டியது முப்பது நாற்பது கிராம் எடையுள்ள ஒரு சிறு பறவை.

கல்முனைக் கரையோர ஊர்களில் இன்று பறவைக்கூடு தொங்காத விறாந்தைகள் குறைவு. புறா வளர்ப்போர் பண்டுதொட்டு உளர். 'லவ் பேர்ட்ஸ்' என்று நம்மவர் வழங்கும் பட்ஜரிகர் குருவிகளோ அண்மைக் காலத்தில் வீடுதோறும் புகுந்துவிட்டன. அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளே அவற்றின் தாயகம். ஜோன் கூல்ட் என்னும் பறவையியலறிஞர் 1840இல் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் அவை உலகெங்கும் பரவின. என் இளைய மகள் பள்ளிச் சிறுமியாய் இருந்தபோது பச்சைநிறப் பேடை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். துணையில்லாத ஒற்றைப் பறவை. எங்கள் விறாந்தையிலே ஈராண்டு மகிழ்ந்து வாழ்ந்தது.

மாரிக்காலத்து ஒருநாள் மாலை, அப்பேடை கொப்பிலிருந்து இறங்கிக் கூட்டின் அடித்தட்டிலே குந்தியிருந்தது. இறகுகளைச் சிலிர்த்து உருண்டையாகிவிட்டிருந்தது. மூச்சுக்கொரு முறை வால் மேலுங் கீழுமாய் அசைந்தது. "வாப்பா, இது ஏன் கீழே இருக்கிறது?" என்று மகள் வினவினாள். குளிர்காற்றுப் பட்டிருக்கும், விடிந்தால் சரியாகிவிடும் என்றேன். வாடைக்கு மறைவாக ஒரு சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். விடிந்தபோது குருவி விறைத்துக் கிடந்தது.

புறா வளர்ப்பதில் முதுகண்ட அயல்வீட்டுப் பெரியவர் வந்து, அதன் அடிவயிற்றை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "மாஸ்டர், இது குளிர் இல்லை. முட்டை சிக்கியிருக்குது" என்றார். சேவலே இல்லாத வீட்டில் முட்டை எப்படி வரும் என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சேவல் வேணுமெண்டது குஞ்சு பொரிக்கத்தான். முட்டைக்கு வேண்டாம்" என்றார். கோழி வளர்த்த தாயின் மகனாகிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மகளோ ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகின்றது. அதன்பின் தேடிப் படித்தும், கால்நடை வைத்தியர்களைக் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை, பறவை வளர்க்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் முட்டை உருவாகும் வகையை நோக்குவோம். பெரும்பாலான பறவைகளில் இடப்பக்கத்துச் சூலகமும் முட்டைக்குழாயுமே தொழிற்படுகின்றன. சூலகத்திலிருந்து விடுபட்ட மஞ்சட்கரு அக்குழாய்வழி இறங்குகையில் அதன்மேல் வெண்கரு படிகின்றது. பின்பு மெல்லிய சவ்வு போர்த்தப்படுகின்றது. ஈற்றில் ஓடு அமைகின்றது. வீட்டுக் கோழியில் இவையனைத்தும் முடிய ஏறக்குறைய 24 முதல் 26 மணித்தியாலம் செல்லும். அதில் 20 மணித்தியாலம் ஓட்டுக்கு மட்டுமே ஆகின்றது. ஒரு கோழிமுட்டையின் ஓட்டிலே ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. குருதியில் ஒருநேரத்தில் உலவும் கல்சியமோ மிகச் சிறிது. ஆதலின், முட்டைப் பருவம் நெருங்கும்போது பேடை தன் எலும்புகளின் உட்குழிவிலே கல்சியத்தைச் சேமித்து வைத்து, ஓடு அமைக்கும்போது அதனைக் கரைத்து எடுக்கின்றது. தன் எலும்பை உருக்கித் தாயாகின்றது என்று சொன்னால் அஃது உயர்வு நவிற்சியன்று, உண்மையே.

பட்ஜரிகர்ப் பேடை ஒன்றுவிட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். அம்முட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். பேடையின் எடையோடு ஒப்பிட்டால், ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு தாய் மூன்று கிலோக் குழந்தையை ஒன்றுவிட்டு ஒருநாளாக ஐந்து முறை ஈன்றெடுப்பதற்கு அது சமமாகும். இப்பெரும்பணியில் இடர் நேர்வது வியப்பன்று.

முட்டை உரிய காலத்தில் வெளிப்படாமல் குழாயிலோ வாயிலிலோ தங்கிவிடுவதே முட்டைச் சிக்கல். அதன் தலையாய காரணம் கல்சியக் குறைவு. கல்சியம் இருவேறு பணிகளுக்கு வேண்டப்படுகின்றது என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும். ஒன்று ஓட்டை வலிதாக்குதல். மற்றொன்று முட்டையைத் தள்ளும் தசைகளைச் சுருங்கச் செய்தல். அது குறையின் ஓடு மென்மையாகி முட்டை வழுவழுத்துப் போகின்றது. தள்ளும் தசையும் சோர்ந்துவிடுகின்றது. ஒரே குறை இரு வழியால் பேடையை வருத்துகின்றது. தினையும் குரக்கனுமாகிய வெறும் தானிய உணவில் கல்சியம் போதாது. கல்சியத்தை உடல் ஏற்பதற்கு வேண்டிய விற்றமின் டீயும் அதில் இல்லை. அது சூரியவொளியின் புறஊதாக் கதிரால் தோலில் உண்டாவது. கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் வெளிச்சம் தருமேயன்றி அக்கதிரைத் தராது. இவையன்றி, மிக இளமையில் இடும் முதல் முட்டை, முதுமை, பறக்க இடமின்றிக் கொழுத்த உடல், அடுத்தடுத்து இடும் ஈற்றுகளால் வந்த சோர்வு, குளிர், அச்சம், குழாயில் உண்டாகும் நோய், அளவிற் பெரிதான அல்லது வடிவு கெட்ட முட்டை என்பனவும் காரணங்களாம்.

இனி அறிகுறிகள். பேடை கொப்பை விட்டிறங்கி நிலத்தில் இருக்கும். இறகு சிலிர்த்திருக்கும், கண் அரைமூடியிருக்கும். கால்களை அகல வைத்து நிமிர்ந்து நின்று முக்கும். வால் மூச்சோடு சேர்ந்து அசையும். அடிவயிறு புடைத்திருக்கும். எச்சம் நின்றுபோகும், அல்லது அரிதாய்ப் பெருங்கட்டியாய் விழும். சிலவேளை ஒரு கால் நொண்டும், பிடி தளரும். உள்ளே தங்கிய முட்டை நரம்பை அழுத்துவதே அதற்குக் காரணம். காலில் அடிபட்டது என்று பலர் மயங்குவர். பட்ஜரிகரில் அலகுக்கு மேலுள்ள மெழுகு போன்ற தடிப்பு கபில நிறமாய்த் தடித்திருப்பின் அது முட்டைப் பருவத்துப் பேடை என அறியலாம். வளர்ந்த சேவலுக்குப் பெரும்பாலும் அது நீலமாயிருக்கும். இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து காணின் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. சிறு பறவைகள் சில மணித்தியாலத்திலேயே இறந்துபடுதல் உண்டு. விடியட்டும் என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லே எங்கள் பேடையின் உயிரைக் கொண்டுபோயிற்று.

வைத்தியரிடம் செல்லுமுன்னும் செல்லும் வழியிலும் நாம் செய்யத்தக்கவை சில. பேடையைத் தனியே ஒரு சிறு பெட்டியில் இருள்பட, அரவமின்றி வைத்தல் வேண்டும். சுடுநீர் நிறைத்த போத்தலைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால், சூடு மிகும்போது பேடை மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ளும். உள்ளே 29 முதல் 32 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருத்தல் நன்று. முன்பு மின்குமிழை ஏற்றிச் சூடூட்டினர். இன்று நம் வீடுகளிலுள்ள எல்.ஈ.டி குமிழ்கள் அதற்கு உதவா. ஈரத்துணி ஒன்றை அருகே வைத்தால் காற்று வறளாது. குடிக்க நீர் எட்டும்படி இருத்தல் வேண்டும். ஆனால் சோர்ந்த பறவையின் வாயில் நீரையோ மருந்தையோ வலிந்து ஊற்றினால் அது மூச்சுக்குழலிற் சென்றுவிடும்.

செய்யத்தகாதவற்றை இன்னும் வலியுறுத்திச் சொல்லுதல் வேண்டும். வயிற்றைப் பிதுக்கி முட்டையைத் தள்ளப் பார்ப்போர் உளர். வாயில்வழி விளக்கெண்ணெய் ஊற்றுவோர் உளர். குச்சியால் முட்டையை உடைத்துவிட முயல்வோரும் உளர். உடைந்த ஓடு குழாயைக் கிழிக்கும்; அதன்வழி நோய் புகும். எண்ணெய், முட்டை தங்கியுள்ள இடத்தைச் சென்றடைவதும் அரிது. சிவந்த தசை வெளியே தள்ளி நின்றால், கொதித்தாறிய நீரில் நனைத்த தூய துணியால் அதனை ஈரமாகக் காத்து, மற்றைப் பறவைகள் கொத்தாதபடி தனிப்படுத்தி, உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

வைத்தியர் கல்சிய ஊசி போடுவார், நீர்ச்சத்து ஏற்றுவார், தேவையாயின் எக்ஸ்றே எடுத்து முட்டையின் இருப்பை அறிவார். தசையைச் சுருக்கும் ஓமோன் மருந்தும் உண்டு. ஆயினும் வழி அடைபட்டிருக்கும்போது அம்மருந்து குழாயையே கிழித்துவிடக் கூடுமாதலின், அதனை வீட்டில் கையாளுதல் தகாது. இவற்றாலும் வெளிவராத முட்டையின் உள்ளீட்டை ஊசியால் உறிஞ்சி, ஓட்டைச் சுருக்கி எடுப்பர். சத்திரசிகிச்சை கடைசி வழி. கால்நடை வைத்தியர் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்குமே உரியவர் என்னும் எண்ணம் நம்மிடை உண்டு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற்கு ஒரு குருவியைக் கொண்டுபோக நாணுவோரும் உளர். அந்நாணம் வேண்டுவதன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ பீடத்திலே பயின்று வெளிவருவோர்க்குப் பறவை மருத்துவமும் பாடமே.

சில ஆண்டு கழித்து ஒருநாள், பாடவேளை தொடங்குமுன் என் மாணவன் ஒருவன் சப்பாத்துப் பெட்டியொன்றை ஏந்தி வந்தான். "சேர், இது கால் நொண்டுது" என்றான். உள்ளே நீலநிறப் பேடை சிலிர்த்து இருந்தது, வால் ஆடிக்கொண்டிருந்தது. இம்முறை விடியட்டும் என்று நான் சொல்லவில்லை. அதிபரிடம் விடைபெற்று, தேநீர்ச் சாலையில் வாங்கிய சுடுநீர்ப் போத்தலைச் சால்வையிற் சுற்றி வைத்துக்கொண்டு, முச்சக்கர வண்டியில் ஏறினோம். வைத்தியர் ஊசி போட்டு, பெட்டியைச் சூட்டில் வைக்கச் சொன்னார். நண்பகலுக்குப் பின் முட்டை வெளிப்பட்டது. தோல்போன்ற மென்மையான ஓடு. மாணவன் அழுதான். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க நேர்ந்தது.

வருமுன் காத்தல் எளிது. அதற்கான பொருளைக் கடலே நமக்கு இலவசமாகத் தருகின்றது. நம் கரையில் ஒதுங்கும் கணவாயோடும் முட்டையோடும் பொருளால் ஒன்றே. இரண்டும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. கணவாயோட்டைப் பொறுக்கி, உப்புப் போக நன்னீரில் சிலநாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்திக் கூட்டின் கம்பியில் கட்டிவிட்டால் பேடை தனக்கு வேண்டியவாறு கோதிக்கொள்ளும். முருங்கையிலை முதலிய கீரைகளும் கொடுக்கலாம். நிழலும் ஒருபுறம் இருக்குமாறு காலை வெயிலில் கூட்டை வைத்தல் வேண்டும். சிறகடித்துப் பறக்க இடமும் வேண்டும். ஓராண்டு நிரம்பாத பேடையை ஈற்றுக்கு விடலாகாது. ஆண்டுக்கு இரண்டு ஈற்றின் மேலும் விடலாகாது. தனிப்பேடை முட்டையிடின் உடனே எடுத்தெறிதல் கூடாது. எடுக்க எடுக்க அது மேலும் இடும். கோழியை நாம் தொடர்ந்து இடச்செய்வதும் இவ்வாறே அன்றோ? சில வாரம் அதனை அடைகாக்க விட்டு, அது தானே சலித்து ஒதுங்கியபின் அகற்றுக. முட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு, கூட்டை மாலையில் முன்னதாக மூடி ஒளிநேரத்தைக் குறைத்தால் முட்டையிடும் வேட்கை தணியும்.

இப்பொழுது அச்செய்யுளைக் கற்பிக்கும்போது, மேசைமேல் ஒரு கணவாயோட்டை வைத்துவிட்டுத்தான் தொடங்குகின்றேன். 'ஈனில்' என்னும் சொல்லுக்கு வந்ததும், பேடை ஒன்று தன் எலும்பை உருக்கி ஓடு செய்யும் வரலாற்றைச் சொல்லுகின்றேன். சூல் முதிர்ந்த பேடைக்காக அச்சேவல் ஏன் அத்துணை விரைந்து பூக் கோதியது என்பது பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகின்றது. சென்ற கிழமை என் மகள், இப்போது அவளும் ஓர் ஆசிரியை, தன் வகுப்புக்கு வேண்டுமென்று என் மேசையிலிருந்த ஓட்டைக் கேட்டு வாங்கிப் போனாள். வேறொன்று பொறுக்க நான் கடற்கரைக்குப் போகவேண்டியிருக்கின்றது.