ஒரு ஏக்கர் நஞ்சையும் ஐந்தரை ஆண்டுப் படிப்பும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நீட் முடிவு வந்த வாரம். என் தங்கையின் கணவர் பாளையங்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் ஒரு ஏக்கர் நஞ்சையின் பட்டா, சிட்டா, மூலப் பத்திரம். கூடவே வீட்டுப் பத்திரமும் இருந்தது.

"வயலை வித்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன் மச்சான். மேனேஜ்மென்ட் கோட்டாவுல எம்.பி.பி.எஸ். கெடைக்குமாம். மீதிக்கு வீட்டு மேல லோன் போடணும். நீங்கதான் வழி சொல்லணும்" என்றார்.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் கல்விக் கடன் மேசை. எத்தனையோ அப்பாக்கள் இதேபோல் ஒரு பையோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று வந்தது என் சொந்த மாப்பிள்ளை. வாசல் திண்ணையில் அப்பாவுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் என் மருமகள்.

அவள் மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்காது. படித்தது தனியார் பள்ளியில். அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை. அந்த ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. இது இன்னும் பல கிராமங்களில் தெரியாத செய்தி. அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாப்பிள்ளையிடம் நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன்.

முதலில் எழுதியது எம்.பி.பி.எஸ். இந்த ஒரே படிப்புக்குத் தமிழ்நாட்டில் அன்று எத்தனை விலை இருந்தது என்று பாருங்கள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்குள். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் நாலரை லட்சம் அளவில். அதே கல்லூரியில், அதே வகுப்பறையில், நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்றால் 13.5 லட்சம் அளவில். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல இடங்களில் 20 லட்சத்துக்கு மேல்.

ஆனால் பட்டம் ஒன்றுதான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால், இருபதாயிரம் கட்டியவருக்கும் பதின்மூன்றரை லட்சம் கட்டியவருக்கும் கிண்டியிலிருந்து வருவது ஒரே காகிதம். பதிவு ஒன்று. மேற்படிப்புக்கு எழுதும் முதுநிலை நீட் தேர்வும் ஒன்று. கூடுதல் பணம் கட்டியதற்காக அங்கே ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது. கூடுதல் பணம் வாங்கித் தருவது நுழைவை மட்டும்தான்.

அடுத்து, கடன் கணக்கு. கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்தால் நிர்வாக ஒதுக்கீட்டுப் படிப்பு எழுபது லட்சத்தைத் தொடும். வயலை விற்றால் இருபது வரும். மீதி ஐம்பது லட்சம் கடன். ஆண்டுக்குப் பத்து லட்சம் வீதம் ஐந்து தவணையாக வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதற்குப் பிறகு ஓராண்டு அவகாசம். அதுவரை தனிவட்டிதான். அந்த ஆறரை ஆண்டில் வட்டி மட்டும் 22.5 லட்சம் ஏறியிருக்கும். மொத்தம் 72.5 லட்சம். அதைப் பதினைந்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 78,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது கை விட்டுப் போயிருப்பது 1 கோடியே 40 லட்சம்.

"எம்.பி.பி.எஸ். முடிச்ச உடனே என்ன சம்பளம் மச்சான் கொடுப்பாங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

நான் கடன் மேசையில் இருந்த காலத்தில் தனியார் மருத்துவமனைப் பணி மருத்துவர்களின் சம்பளச் சீட்டுகள் பல பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முப்பத்தைந்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை. அதைச் சொன்னேன். மாப்பிள்ளை பேசவில்லை. பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

அப்போது அவரிடம் ஒரு பையனைப் பற்றிச் சொன்னேன். அப்பா அரிசி ஆலை வைத்திருந்தவர். வீட்டை அடமானம் வைத்து மகனை எம்.பி.பி.எஸ். சேர்த்தார். பையன் கெட்டிக்காரன், ஒரு பாடத்தில்கூடத் தவறாமல் முடித்தான். பிறகு ஒரு நாள் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தான். பகலில் ஒரு மருத்துவமனை, இரவில் இன்னொன்று. கண்கள் சிவந்திருந்தன. "முதுநிலைக்குப் படிக்க ஒரு வருஷம் வேலைய விடணும் சார். தவணைய ஒரு வருஷம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டான். அந்தக் கடனின் விதியில் அதற்கு இடமில்லை. இல்லை என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த நன்றி இன்றும் என் நெஞ்சில் குத்துகிறது. இன்றைக்கு எம்.பி.பி.எஸ். பாதி வழிதான். சிறப்பு மருத்துவராக வேண்டுமென்றால் இன்னும் மூன்று ஆண்டுகள் எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ படிக்க வேண்டும். முதல் வாசலில் மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டால் இரண்டாம் வாசல் அடைபட்டுப் போகிறது.

அப்படியானால் விலை குறைந்த வேறு பட்டம்? இங்கேதான் நம் வீடுகளில் இரண்டு தப்புப் பேச்சுகள் நடக்கின்றன. ஒன்று, "எல்லாம் டாக்டர்தானே, எதுல சேர்ந்தா என்ன?" இன்னொன்று, "எம்.பி.பி.எஸ். இல்லன்னா டாக்டரே இல்ல." இரண்டுமே பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடும் பேச்சு. பட்டம் மாறினால் காலையில் எழுந்து செய்யும் வேலையே மாறும்.

பி.டி.எஸ். என்பது பல், தாடை, வாய் மருத்துவம். பயிற்சியோடு சேர்த்து ஐந்து ஆண்டு. படித்து முடித்து எம்.டி.எஸ். போகலாம், சொந்தமாக மருத்துவமனை வைக்கலாம். ஆனால் சொந்த இடம் என்றால் நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே என்று அப்போதும் ஒரு முதலீடு வேண்டும். அதைக் கணக்கில் எழுதாத அப்பாக்கள் அநேகம். பி.எஸ்.எம்.எஸ். என்பது சித்த மருத்துவம், ஐந்தரை ஆண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. மேலே படிக்கத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஒரு நடுத்தரக் குடும்பம் மூச்சுவிடக்கூடிய அளவு. ஆனால் மயக்க மருந்து, தீவிர சிகிச்சை, அறுவை அரங்கம் என்று கனவு காண்கிற பிள்ளையை 'எப்படியோ பேருக்கு முன்னால டாக்டர் வந்துரும்' என்று அங்கே தள்ளிவிடுவது அந்த மருத்துவத்துக்கும் அவமானம், பிள்ளைக்கும் தண்டனை.

வெளிநாட்டுப் படிப்புக்கும் அன்று மாப்பிள்ளை ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்திருந்தார். 'மொத்தச் செலவு 25 லட்சம், எம்.டி. பட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பல நாடுகளில் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கே எம்.டி. என்று பெயர். இங்கே வந்தால் அது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம், நம் முதுநிலை எம்.டி.க்குச் சமமல்ல. 2021 நவம்பரில் வந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி வேண்டும். திரும்பி வந்தபின் இங்கேயும் 12 மாதப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேல், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் 300-க்கு 150 வாங்க வேண்டும். 2024 ஜூன் பருவத்துக்கான அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். தேறியவர்கள் நல்ல மருத்துவர்களாக இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 25 லட்சம் என்ற விலையைப் பார்க்கும்போது அந்த ஐந்தில் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தாள் நிரம்பியது. ஆனால் இவ்வளவு நேரம் பேசியதில் மருமகளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"டாக்டராகணும் மாமா."

"எந்த டாக்டர்?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இரண்டு ஆண்டு கேள்வித்தாளைத் தவிர வேறெதையும் நாம் அவளுக்குக் காட்டவில்லையே.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையிலேயே இருக்கின்றன. முதலில் சித்த மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவு. மூட்டு வலியோடு வந்திருந்த ஒரு பாட்டியிடம் இளம் மருத்துவர் ஒருவர் சாப்பாடு, தூக்கம், மலச்சிக்கல் என்று பத்து நிமிஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார். நாடி பார்த்தார். அந்தப் பொறுமையை மருமகள் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகத்தில் ஆசை தெரியவில்லை.

பிறகு மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் உதவியால் விபத்துப் பிரிவு வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு சிறுவனுக்குப் புருவத்தில் வெட்டு. பயிற்சி மருத்துவப் பெண் ஒருத்தி, அவனிடம் பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டே தையல் போட்டாள். ஊசி வளைந்து உள்ளே போய் வெளியே வந்தது. நூல் இறுகியது, முடிச்சு விழுந்தது. நாலு தையல். அழுதுகொண்டிருந்த பையன் அழுகையை நிறுத்தியிருந்தான். என் மருமகள் அந்தப் பெண்ணின் விரல்களை விட்டுக் கண் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னாள்: "மாமா, எனக்குக் கையால செய்ற வேலதான் வேணும்."

எழுபது லட்சம் ரூபாய் கணக்கில் இல்லாத ஒரு தகவல் அன்றைக்குத்தான் கிடைத்தது. அதற்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம்.

வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வயலை விற்பதில்லை. இன்னும் ஒரே ஒரு முறை நீட் எழுதட்டும். இரண்டாவது முறை அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். வந்தால் அது. வராவிட்டால் பி.டி.எஸ். மூன்றாவது முறை கிடையாது. அந்த வரம்பை அவளே வைத்தாள். ஓராண்டு போவது பெரிய நஷ்டமல்ல. எல்லை இல்லாமல் போவதுதான் பிள்ளையின் மனதை உடைக்கும்.

மதிப்பெண் கூடியது. எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் போதவில்லை. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அளவில் கட்டணம். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அந்த ஏழரை லட்சத்தை மட்டும் வாங்கினோம், மீதியை மாப்பிள்ளை கைக்காசில் கட்டுகிறார். அதே 10 சதவீதக் கணக்கில் பார்த்தால் அவள் கட்டவேண்டிய மாதத் தவணை 12,000 ரூபாய்க்குள். எம்.டி.எஸ். போக வேண்டுமென்றால் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோது மெழுகில் செதுக்கிய ஒரு கடைவாய்ப்பல்லைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். மேடும் பள்ளமும் அசல் பல் போலவே இருந்தன. அவள் விரல் நுனியில் மெழுகு ஒட்டியிருந்தது.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு உள்ள விரிந்த வாய்ப்பு வேறு பட்டத்துக்கு இல்லை என்பது உண்மை. அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால், கடன் வாங்கியாவது படிக்கவைக்கலாம் என்பேன். குடும்பத்தின் ஒரே வீட்டையும் ஒரே வயலையும் வைத்து வாங்க வேண்டிய எம்.பி.பி.எஸ். வேண்டாம் என்பேன். ஒன்பது ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவனாக இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடப் போகும் பெற்றோரே, முதலில் பிள்ளையை ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எந்த வேலை அவளுக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். பிறகு மாதத் தவணையைக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பத்திரத்தை மடித்துப் பைக்குள் வையுங்கள்.