கடன் கொப்பி கணனிக்குள் சிறைப்படலாமா?

தவணைக் கடனை எழுத்தில் வைக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமல்ல. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் அதைப் பற்றியதுதான். எழுதுபவர், சாட்சிகள் என்று அதற்குரிய ஏற்பாடுகளும் அங்கே சொல்லப்பட்டுள்ளன. எமது மூத்தவர்கள் கொப்பியில் எழுதினார்கள். இன்று நாம் கணனியில் எழுதுகிறோம். ஆனால், எழுதி வைத்ததை நாளை வாசிக்க முடியாமற் போனால் எழுதியதன் பயன் என்ன?

பாலையூற்றிலும் திருமலை நகரிலும் கடைகளுக்குக் கணனிக் கணக்கு அமைத்துக் கொடுப்பது எனது தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி என்னை அழைத்தார். கணனி பழுதாகிவிட்டது. மென்பொருளை விற்ற நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. ஹாட் டிஸ்க்கில் கோப்புகள் அப்படியே இருந்தன. தினமும் பென் டிரைவில் எடுத்த பிரதிகளும் இருந்தன. ஆனால் அவற்றைத் திறக்க வேறெந்த மென்பொருளாலும் முடியவில்லை. ரமழானில் ஸகாத் கணக்குப் பார்ப்பது அவரது வழக்கம். கடையில் உள்ள சாமான் எவ்வளவு, வெளியே நிற்கும் கடன் எவ்வளவு என்று அறிய, பழைய பில் கட்டுகளை அவிழ்த்து வாரக்கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. பூட்டிய பெட்டியைப் பிரதி எடுத்தால் கிடைப்பது இன்னொரு பூட்டிய பெட்டிதான்.

ஏன் இப்படி ஆகிறது?

மென்பொருள் இயங்கும்போது ஒவ்வொரு வாடிக்கையாளரும், ஒவ்வொரு பில்லும் கணனியின் நினைவகத்தில் ஓர் 'ஒப்ஜெக்ட்' ஆக இருக்கும். பெயர், தொலைபேசி, நிலுவை என்பவற்றோடு, எந்த பில் யாருடையது என்ற தொடுப்பும் அதற்குள் இருக்கும். மின்சாரம் நின்றால் இவையெல்லாம் மறைந்துவிடும். ஆகவே இவற்றைக் கோப்பாக எழுதி வைக்க வேண்டும். பல மென்பொருட்கள் இதைத் தமக்கு மட்டுமே புரியும் வடிவில் எழுதுகின்றன. சிலவேளை அதே மென்பொருளின் புதிய பதிப்புக்குக்கூட அது புரிவதில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் எக்ஸ்.எம்.எல். இதன் முதலாவது நியமம் 1998 பெப்ரவரியில் வெளியானது. ஒவ்வொரு விடயத்தின் இரு புறமும் அதன் பெயரை எழுதிவிடுவதே இதன் வழி. உதாரணமாக:

<நிலுவை>12500.00</நிலுவை>

மனிதனும் வாசிக்கலாம், எந்த மென்பொருளும் வாசிக்கலாம். பெயர்களைத் தமிழில் வைக்கவும் இந்த நியமம் இடம் தருகிறது. ஒப்ஜெக்ட்டை இவ்வாறு எழுதுவதும், எழுதியதிலிருந்து மீண்டும் ஒப்ஜெக்ட்டை உருவாக்குவதும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும்.

இந்தத் துறையில் எமது நாட்டவரின் பங்கு பெரியது. 2005 இல் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் இலங்கைப் பொறியியலாளர்கள், 'அப்பாச்சி ஆக்சிஸ் 2' என்ற திறந்த மூல மென்பொருளில் முன்னணியில் நின்று உழைத்தார்கள். அதன் 1.0 பதிப்பு 2006 இல் வெளிவந்தது. ஜாவா ஒப்ஜெக்ட்டுகளை எக்ஸ்.எம்.எல். ஆகவும், எக்ஸ்.எம்.எல். ஐ ஒப்ஜெக்ட்டுகளாகவும் மாற்றும் 'ஏ.டி.பி.' என்ற பகுதி அதற்குள்ளேயே உண்டு. 2024 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 வை 600 மில்லியன் டொலருக்கும் அதிகமான விலைக்கு வாங்க ஈ.கியூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் உடன்பட்டது. தரவை ஒரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிதையாமல் கொண்டு செல்வதற்கு உலகச் சந்தையில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை இது காட்டும்.

எங்கே பிழைக்கும்?

எக்ஸ்.எம்.எல். வசதி உண்டு என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. நான்கு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, வாடிக்கையாளர். ஒருவருக்கு மூன்று பில் இருந்தால், சில மென்பொருட்கள் அவரது விபரத்தை மூன்று தரம் எழுதிவிடும். மீண்டும் ஏற்றும்போது ஒருவர் மூவராகிவிடுவார். அவரது நிலுவையும் மூன்றாகப் பிரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பில்லில் அந்த இலக்கத்தை மட்டும் குறிப்பதே சரியான முறை.

இரண்டாவது, திகதி. 03/04 என்பது எமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அது மார்ச் 4. எக்ஸ்.எம்.எல். நியமத்தின்படி 2024-04-03 என ஆண்டு முதலில் வர வேண்டும்.

மூன்றாவது, முன்னால் வரும் பூச்சியம். 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை வெறும் எண்ணாகக் கொண்டால் 77 ஆகச் சுருங்கிவிடும். அதை எழுத்தாகவே சேமிக்க வேண்டும்.

நான்காவது, எமது தமிழ். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்கள் கோப்பில் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் ஒரு பரீட்சை

பணம் கொடுக்கும் முன் விற்பவரை அருகில் வைத்தே இதைச் செய்து பாருங்கள். சில பில்களைப் பதிந்து, எல்லாவற்றையும் எக்ஸ்.எம்.எல். கோப்பாக வெளியே எடுங்கள். பிறகு அதை வெறுமையான இன்னொரு கணக்கில் ஏற்றுங்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை, வரவேண்டிய கடன், சாமான் பெறுமதி ஆகிய மூன்றும் இரு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதம் குறைந்தாலும் காரணம் கேளுங்கள். டாலி போன்ற பிரபல மென்பொருட்களில் இந்த ஏற்றுமதி, இறக்குமதி வசதிகள் உண்டு. இப்போது பலர் ஜேசன் என்ற வடிவத்தை விரும்புகிறார்கள். அதுவும் நல்லதே, பரீட்சை ஒன்றுதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. யாரும் வாசிக்கக் கூடிய கோப்பை அயலவரும் வாசிக்கலாம். யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது அவர் எம்மிடம் தந்த அமானிதம். எனவே அந்தப் பிரதியைக் கடவுச்சொல்லிட்டு, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். மாதம் ஒரு தடவை இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், மென்பொருள் விற்றவர் இருந்தாலும் போனாலும் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.